பின்னால் ஓடிய கார்

ஏனுங்க அம்மணி, பேனா இருக்குங்களா? இருந்தா நீங்களே கொஞ்சம் எழுதிக் கொடுத்துடுங்களேன். நான் எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆறாவதோட என்னை நிறுத்திட்டாங்க. வாசிக்க வரும். 'வீட்டில் கவனித்த மறதிச் சம்பவங்கள்'னு மேல போட்டிருக்கு பாருங்க. பத்துக் கோடு இருக்கு. பத்தையும் நிரப்பணுமா, இருக்கிறதை எழுதினாப் போதுமான்னு அந்த நர்ஸம்மாகிட்டக் கேட்டேன். அதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிடப் போயிட்டாங்க.

உள்ள இருக்கிறது எங்க வீட்டுக்காரர். தாமோதரன்னு போடுங்க. வயசு ஐம்பத்தேழு. ஞாபகத்துக்கு டெஸ்ட் வெக்கிறாங்க, ஒரு மணி நேரம் ஆகுமாம். வீட்டு ஆளுங்க கூட இருந்தா விடையை எடுத்துக் கொடுத்துடுவாங்கன்னு என்னை வெளியே அனுப்பிட்டாங்க. எனக்கு எங்கே விடை தெரியும்? நீங்க மாமனாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா? தூங்கட்டும், பாவம். அவர் நம்பர் வர இன்னும் ஆறு பேர் இருக்காங்க. கழுத்து மட்டும் சாயாமப் பாத்துக்குங்க, பிடிச்சுக்கும்.

முதல் கோட்டுல கார்னு எழுதுங்க.

கார் வெச்சிருக்கிற ஆளுங்க இல்லைங்க நாங்க. பொம்மைக் கார். பொம்மைன்னு சொன்னா இவருக்குக் கோபம் வந்துடும். முழங்கை நீளம் இருக்கும், ரிமோட்ல ஓட்டறது. ஆனா அந்த வேகம் இருக்கே, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள மைதானத்தோட அந்தக் கோடிக்குப் போயிடும். இவர் பம்ப்செட் கம்பெனியில ஃபிட்டர். மூணு வருஷத்துக்கு முன்னாடி வேலையை விட்டு நின்னதும் இந்தப் பைத்தியம் பிடிச்சுது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால ஒரு மண் மைதானம் இருக்கு. ஞாயித்துக்கிழமையானா பத்துப் பன்னெண்டு பேர் அங்க கூடி ஓட்டுவாங்க. எல்லாம் படிச்ச பையங்க. இவர்தான் வயசுல பெரியவர். தாமு அண்ணா, தாமு அண்ணான்னு கொண்டாடுவாங்க. வீட்டுல ஒரு வார்த்தை பேசாத மனுசன் அங்க போனா வாயை மூடறதில்லை.

நானும் போவேன். இட்லியும் தக்காளிச் சட்னியும் கட்டி எடுத்துட்டு, துணிக்கூரைக்குக் கீழ பாய் விரிச்சு, அத்தனை பேரோட பையையும் காரையும் காவல் காத்துட்டு உட்கார்ந்திருப்பேன். அக்கா சாமானைப் பாத்துக்குங்க, அக்கா சாமானைப் பாத்துக்குங்க. அதுதான் என் வேலை. வேற யாரும் என்கிட்ட வேற எதுவும் பேசினதில்லை. அந்தப் பேட்டரி வீங்கினா தீப்பிடிக்குமாம். ஒரு வாளியில மணல் அள்ளி வெச்சுக்கிட்டுத்தான் உட்காருவேன். அதுக்கும் சிரிப்பாங்க.

எங்கே விட்டேன்? கார். அந்தக் காருக்குள்ள ஒரு சின்னப் பெட்டி இருக்கும்மா, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெருசு. ஈ.எஸ்.சி.ன்னு சொல்லுவாங்க. மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போகணும்கிறதை அதுதான் முடிவு பண்ணுது. கிளம்பும்போது பாயணுமா, மெதுவா நகரணுமா. விரலை எடுத்தா உருண்டு போகணுமா, அங்கேயே நிக்கணுமா. பின்னால போகலாமா, கூடாதா. எல்லாத்தையும் நாம முன்னாடியே அதுக்குச் சொல்லி வெக்கணும். இவர் தினம் காலையில காபி குடிச்சதும் அதோடதான் உட்காருவார். ஒரு பட்டனை அமுக்குவார், விளக்கு மினுக்கும், கீ கீன்னு சத்தம் வரும், நோட்டுல எழுதுவார்.

ஒரு ஞாயித்துக்கிழமை பசங்க எல்லாம் இருக்கும்போது கேட்டேன், "ஏனுங்க, அது எதுக்குப் பச்சை ஒரு மாதிரி, சிவப்பு ஒரு மாதிரி மினுக்குது?"ன்னு. கேட்டது தப்பா சொல்லுங்க. ரெண்டு வருஷமாக் கண்ணு முன்னாடி மினுக்குது. இவர் தலையைக்கூடத் தூக்கலை. "ஆறாங்கிளாஸ் படிச்சவளுக்கு இதைச் சொல்லிப் புரிய வெக்கிறதுக்குள்ள இந்தக் காருக்கே வயசாயிடும்"னார். அத்தனை பேரும் சிரிச்சாங்க. விக்டர்னு ஒரு தம்பி, இன்ஜினியர், அது ஒண்ணுதான் சிரிக்காமச் சட்னிக் கிண்ணத்தைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நானும் சிரிச்சேன். சிரிக்காம இருந்தா நல்லா இருக்காதில்ல.

இதெல்லாம் எழுதாதீங்க. இது மறதி இல்லை. இவருக்கு ஞாபகம் இருக்குமான்னும் தெரியலை.

அப்புறம் நானே பாத்துக் கத்துக்கிட்டேன். ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க. பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஸ்விட்சைப் போடணும். பச்சை விளக்கு எத்தனை தடவை மினுக்குதோ அது கேள்வி. சிவப்பு எத்தனை தடவை மினுக்குதோ அது பதில். பச்சை நாலுன்னா கிளம்பற வேகத்தைக் கேட்குதுன்னு அர்த்தம். சிவப்பு ஏழுன்னா பாயும், ஒண்ணுன்னா நகரும். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் பதில் ஒண்ணு மாறும். அவ்வளவுதான். முப்பது வருஷமா குக்கர் விசில் எண்ணறவளுக்கு இதை எண்ணத் தெரியாதா? மூணாம் நாளே இவர் எதை மாத்தறார்னு அடுப்படியில இருந்து சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன். மனசுக்குள்ள.

முதல்ல நல்லதுக்குத்தாங்க செஞ்சேன். சத்தியமா. இவர் கார் பாயும்போது ஒரு நாய்க்குட்டி குறுக்க வந்து காலை ஒடிச்சுக்கிச்சு. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. நாளைக்கு ஒரு குழந்தை வந்தா? மறுநாள் இவர் குளிக்கப் போன நேரம் காரைத் துண்டுல சுத்தி, சத்தம் வெளியே கேட்காம, ஏழுல இருந்த கிளம்பற வேகத்தை ஒண்ணா மாத்தி வெச்சேன். கிளம்பும்போது மெதுவாக் கிளம்பினா என்ன குறைஞ்சிடப் போகுது?

அந்த ஞாயித்துக்கிழமை கார் ஆமை மாதிரி போச்சு. இவர் பொட்டியைத் திறந்து பாத்தார், நோட்டைப் பாத்தார், நோட்டுல ஏழுன்னு இவர் கையெழுத்துலயே இருக்கு. பொட்டியில ஒண்ணு இருக்கு. நோட்டு, பொட்டி, நோட்டு, பொட்டின்னு நாலு தடவை பாத்தார். அந்த முகத்தை நீங்க பாத்திருக்கணும். எத்தனை வருஷமா நான் அந்த முகத்தைத் தேடியிருக்கேன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

மறுபடி ஏழு வெச்சார். நான், விரலை எடுத்தாலே கார் நிக்கிற மாதிரி பிரேக்கை முழுசா வெச்சேன். அதைச் சரி பண்ணினார். நான் ரிவர்ஸை எடுத்துட்டேன். அதைச் சரி பண்ணினார். ஒரு நாள் ஒண்ணும் பண்ணாம விட்டேன், அன்னைக்கும் நாலு தடவை திறந்து பாத்தார். தப்பு இல்லைன்னதும் அது இன்னும் பயமாப் போச்சு அவருக்கு.

அப்பத்தான் அடுப்படி வாசல்ல வந்து நின்னு கேட்டார். "பூங்கொடி, நேத்து சாயங்காலம் நான் காரை எடுத்தேனா?"

இவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுங்களா? ஏய், இந்தா, இங்க பாரு. அதுதான். அன்னைக்குப் பூங்கொடின்னார். நான் வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன். "எடுத்தீங்களே. ரொம்ப நேரம் வெச்சிருந்தீங்க"ன்னேன்.

"எடுத்தேனா?"

"ஆமாங்க. நான் டீ கொண்டுவந்து வெச்சேன். அதைக்கூடக் குடிக்கலை."

அப்படியே சுவத்துல சாஞ்சுட்டார். இவங்க அப்பா கடைசி நாலு வருஷம் யாரையும் தெரியாமக் கிடந்து செத்தாரு. பெத்த பையனையே யாரோ கரண்ட் பில்லு கணக்கெடுக்க வந்தவன்னு நினைச்சுக்கிட்டு, மீட்டர் வெளியே இருக்கு தம்பிம்பாரு. அந்தப் பயம் இவருக்கு எப்பவும் உண்டு. எனக்குத் தெரியும். அவருக்குப் பீ மூத்திரம் அள்ளினது நான்தானே.

ரெண்டாவது கோட்டுல அதை எழுதிக்குங்க. காரை எடுத்ததே ஞாபகம் இல்லைன்னு.

என்னங்க? எழுதுங்க, எழுதுங்க. மூணாவது ரேஸ்.

ஜனவரியில பெரிய போட்டி. திருப்பூர், ஈரோட்டுல இருந்தெல்லாம் வந்திருந்தாங்க. ரெண்டு மாசமா நான் எதையும் தொடலைங்க. இவர் கொஞ்சம் தெளிஞ்சிருந்தார். காலையில ரெண்டு ஓட்டத்துலயும் நல்லா ஓட்டி, கடைசி எட்டுப் பேருல வந்துட்டார். இவர் சிரிச்சு நான் பாத்ததில்லை, அன்னைக்குப் பல்லு தெரிஞ்சுது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னாடி பேட்டரி மாத்திட்டு, ரிமோட்டுக்கும் அந்தப் பொட்டிக்கும் புதுசா அறிமுகம் பண்ணி வெப்பார். வேற யாரும் அப்படிப் பண்றதில்லை, இவருக்கு அது ஒரு வழக்கம், சாமி கும்பிடற மாதிரி. சும்மா இருக்கிற இடம் இது, வேகமா போற இடம் இது, பிரேக் இதுன்னு மூணையும் அதுக்குக் காட்டணும். ரிமோட்டுல துப்பாக்கி விசை மாதிரி ஒண்ணு இருக்கும்; அதுல இருந்து விரலை எடுத்துட்டுப் பட்டனை ஒரு அமுக்கு, விசையை இழுத்துப் பிடிச்சு ஒரு அமுக்கு, முன்னால தள்ளி ஒரு அமுக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பச்சை மினுக்கும். என் முன்னாடி உட்கார்ந்துதான் பண்ணினார். நோட்டுல டிக் அடிச்சார்.

அப்ப ஈரோட்டுக்காரர் ஒருத்தர் வந்து, "அக்காவும் ஓட்டுவாங்களா?"ன்னு மரியாதையாத்தான் கேட்டார். இவர் என்ன சொன்னார் தெரியுங்களா? "இவளா? இவளுக்கு நாலு சக்கரம் இருக்குன்னு எண்ணத் தெரிஞ்சதே பெருசு." சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். அக்கா சாமானைப் பாத்துக்குங்கன்னுட்டு எல்லாரும் போயிட்டாங்க.

எண்ணினேன். இழுக்க வேண்டிய இடத்துல தள்ளினேன், தள்ள வேண்டிய இடத்துல இழுத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அரை நிமிசம்கூட ஆகலை. காரைத் துடைச்சு இருந்த இடத்துலயே வெச்சுட்டேன்.

கோட்டுல எட்டுக் காரும் நின்னுச்சு. விசில் ஊதினதும் ஏழு கார் முன்னால பறந்துச்சு. இவர் விசையை இழுத்ததும் இவரோடது பிரேக் பிடிச்ச மாதிரி அங்கேயே நின்னுச்சு. விரலை விட்டுட்டு மறுபடி இழுத்தார். பின்னால ஓடிச்சுங்க. சர்ருன்னு பின்னால ஓடி, மைக் பிடிச்சுட்டு நின்ன ஆளோட ரெண்டு காலுக்கும் நடுவுல பூந்து, கூரைக் கம்பியில மோதி மல்லாந்து கிடந்து சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. இவர் பதட்டத்துல இன்னும் அழுத்தறார். சின்னப் பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மைக்குக்காரர், "தாமு அண்ணா வீட்டுக்குக் கிளம்பிட்டார்"னு மைக்குலயே சொல்லிட்டார்.

எனக்கும் சிரிப்பு வந்துச்சு. சேலையை வாயில வெச்சுக்கிட்டேன்.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம், நல்லாக் கேளுங்க. அந்த விக்டர் தம்பி காரைத் தூக்கிட்டு வந்து நம்ம பாயிலயே உட்கார்ந்து பட்டனை அமுக்கிப் பாத்துச்சு. பாத்துட்டு மெதுவாச் சொல்லுது, "அண்ணா, இது தானா ஆகாது. காலையில ரெண்டு ஓட்டம் சரியா ஓடியிருக்கு. நீங்க டீக்குப் போனப்ப யாரோ மாத்தியிருக்காங்க"ன்னு. சொல்லிட்டு என்னைப் பாத்துச்சு. மாட்டிக்கிட்டோம்னு நினைச்சேன். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, ஒரு பக்கம் நல்லதாப் போச்சுன்னும் இருந்துச்சு. இப்பவாவது இவர் திரும்பி என் முகத்தைப் பாப்பார், நீயா பண்ணினேன்னு கேட்பார்னு.

இவர் என்ன சொன்னார்? "சாமான்கிட்ட என் சம்சாரம்தான்பா இருந்தா. அவளுக்கு இதெல்லாம் தெரியாது."

"இல்லண்ணா, வேற யாராவது..."

"யாரும் வரலை. இவளைத் தாண்டி யார் வர முடியும்? நான்தான் மாத்தி அமுக்கியிருக்கேன். எனக்குத்தான் என்னமோ ஆகுது, விக்டரு." அப்படியே நோட்டைக் கிழிச்சார். அந்த டிக் அடிச்ச பக்கத்தை மட்டும்.

கேட்டீங்களா அம்மணி? தன் மூளை அழுகிப்போச்சுன்னு நம்ப முடியுது இவருக்கு. எனக்கு ஒரு பட்டனை அமுக்கத் தெரியும்னு நம்ப முடியலை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பூங்கொடி நீ தொட்டியான்னு கேட்டிருந்தா அந்த இடத்துலயே ஆமான்னு சொல்லியிருப்பேன். அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பேன். கேட்கலையே.

ஏன் பேனாவை மூடிட்டீங்க?

அட, நான் ஒண்ணும் இவருக்கு விஷம் வெக்கலை. காரைத்தானே மாத்தினேன். அதுவும் அதோட சரி, இப்ப காரே கட்டிலுக்கு அடியில கிடக்கு. மைதானத்துக்குப் போறதில்லை. விக்டர் தம்பி ரெண்டு தடவை வந்துச்சு, தூங்கறார்னு சொல்லி அனுப்பிட்டேன். வேற என்ன? மூக்குக் கண்ணாடியை ஒரு தடவை இடம் மாத்தி வெச்சேன். எங்க பொண்ணு ஓசூர்ல இருந்து ஃபோன் பண்ணினப்ப, பேசாத மனுசன்கிட்ட நேத்துதானே பேசினீங்கன்னு சொன்னேன். ரெண்டு, மூணு இருக்கும். ஆனா வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சது இவரேதான். அது நான் இல்லை. பாத்தப்ப எனக்கே திக்குன்னு ஆயிடுச்சு. அப்ப இவருக்கும் கொஞ்சம் இருக்குதுதானே? அதைப் பெருசா எழுதுங்க.

டாக்டர்கிட்டச் சொல்லணுமா? என்னன்னு சொல்றது?

நீங்க சின்ன வயசு. உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். முப்பது வருஷமா இவர் என் கூட நடக்கிறதை நீங்க பாத்திருக்கணும். பத்தடி முன்னால போவார், நான் ஓடணும். இப்ப ரோடு தாண்டறதுக்கு முன்னாடி நின்னு என் கையைப் பிடிக்கிறார். குழம்புல உப்பு போட்டாச்சான்னு கேட்கறார். சட்டை எதுன்னு கேட்கறார். மாத்திரை சாப்பிட்டேனா பூங்கொடி? சாப்பிட்டீங்க. காலையில நான் என்ன சொன்னேன் பூங்கொடி? இன்னது சொன்னீங்க. நான் சொல்றதுதான் நடந்தது இவருக்கு. ராத்திரி பூரா தூங்காம எழுந்து உட்கார்ந்துக்கிட்டு, அப்பா மாதிரி ஆயிட்டா என்னை எங்கேயாவது சேத்துடு, நீ கஷ்டப்படாதேங்கிறார். நான் கஷ்டப்படக் கூடாதாம். இதை எந்தக் காலத்துல இவர் வாயில கேட்டேன்?

எனக்கும் பாவமாத்தான் இருக்கு. மூணு கிலோ இளைச்சுட்டார். உங்களைவிட எனக்குத்தான் கவலை அதிகம். நல்லாக் கவனிச்சுக்கிறேன், முருங்கைக் கீரை, வல்லாரை எல்லாம் போடறேன்.

சரி, இப்படி வெச்சுக்குவோம். உங்களுக்கு முன்னாடியே சொல்றேன். இப்ப வெளியே வருவாரில்ல, வந்து என்னைப் பாத்து, நீ தொட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டார்னா, இங்கேயே சொல்லிடறேன். நீங்களே சாட்சி. நானும் எத்தனை நாளைக்கு வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு அலையறது?

கதவு திறக்குது. வந்துட்டாருங்க.

சிரிச்சுட்டே வர்றாரே.

வாங்க, இப்படி உட்காருங்க. என்ன சொன்னாங்க? முப்பதுக்கு இருபத்தொன்பதா? அந்த ஒண்ணு எது? தேதியா, தேதி எனக்கே தெரியாது. அஞ்சு வார்த்தை சொல்லி, பத்து நிமிசம் கழிச்சுத் திருப்பிக் கேட்டாங்களா? அஞ்சும் சொல்லிட்டீங்களா? அட. மூளையில ஒண்ணும் இல்லைன்னே சொல்லிட்டாரா டாக்டர்? நல்லதுங்க. நல்லதுதானே. எனக்கு இப்பத்தான் மூச்சு வருது. இந்த அம்மணிகிட்ட இவ்வளவு நேரம் உங்களைப் பத்தித்தான் சொல்லிட்டிருந்தேன்.

வேற என்ன கேட்டார்?

வீட்டுல வேற யாராவது உங்க சாமானை எடுத்து மாத்தி வெக்கறாங்களான்னு கேட்டாரா?

நீங்க என்ன சொன்னீங்க?

...

அப்படியே சொன்னீங்களா? வீட்டுல நானும் இவளும்தான் டாக்டர், இவளுக்கு டிவி ரிமோட்டே ஒழுங்கா அமுக்கத் தெரியாதுன்னா? டாக்டர் சிரிச்சுட்டாரா? நர்ஸம்மாவும் சிரிச்சாங்களா. சிரிப்பாங்க, சிரிப்பாங்க. சிரிக்கிற மாதிரி சொல்றதுல உங்களை மிஞ்ச முடியுமா?

ஏனுங்க, முந்தாநாள் கேஸைத் திறந்து விட்டுட்டு மொட்டை மாடிக்குப் போனீங்களே. அதை டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?

முந்தாநாள்ங்க. காலையில. வீடு பூரா நாத்தம். நான் ஓடி வந்து மூடலைன்னா ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம். நீங்க பயந்துடுவீங்கன்னுதான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லலை.

நீங்கதான். பின்ன வேற யாரு? வீட்டுல நீங்களும் நானும்தானே. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே.

பாருங்க அம்மணி, இவர் முகத்தைப் பாருங்க. சுத்தமா ஞாபகமே இல்லை. நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? உங்க மாமனார் நம்பர் இன்னும் வரலையே. உட்காருங்க, அவர் கழுத்து சாயுது.

ஏனுங்க, நீங்க அழாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க. அதுக்கு மருந்து இருக்கும். வாங்க, மறுபடியும் உள்ள போய் டாக்டர்கிட்ட இதையும் சொல்லிட்டு வந்துடுவோம். நீங்க பேச வேண்டாம், உங்களுக்குச் சரியாச் சொல்ல வராது. நான் சொல்றேன். கையைக் குடுங்க.